பன்னிரண்டு நிமிடம்

முப்பத்தொன்று. படிக்கட்டின் முதல் தட்டு. எல்லாரும் மூச்சு வாங்குகிற இடம், நின்றால் யாரும் ஏன் என்று பார்க்கமாட்டார்கள். மணி ஐந்து இருபத்துநான்கு. கோட்டுக்குள் மார்போடு வைத்த தாள் மடங்காமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். இருக்கிறது. ஒரே தாள். ஒரு சாணும் நாலு விரலும் நீளம். மேலே கம்பத்தில் சலவைக்கடைக்காரன் பியோ ஒட்டியிருக்கும் தாளும் அதே அளவுதான், மூன்று நாள் முன்பு சந்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கை வைத்து அளந்துகொண்டு வந்தேன். கீழே ஸ்டேஷன் வாசல் கடையில் என் போனிலிருந்து இதை அச்சடித்துக் கொடுத்த பெண் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் வந்திருக்காது. பதினான்கு மாதத்தில் இந்த ஊர்ப் பாஷையில் எனக்கு வந்திருப்பது எண்கள், கிழமைகள், வணக்கம், நன்றி, மன்னிக்கவும், யார், எங்கே, அப்புறம் பியோவின் சலவைக்கடைச் சுவரில் படம் போட்டு எழுதியிருக்கும் துணி வகைகள். கோட்டு, சட்டை, கால்சட்டை, பாவாடை. பாவாடைக்கு இவர்கள் சொல்வது சிமா. அந்தப் பலகையைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டவே பழகினேன். அவன் சுவரில் படித்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்கு நன்றி உண்டு. இதற்குப் பதில் உண்டு. ஒன்றை மற்றதில் கழிக்க முடியாது. இன்னும் நூற்று ஐம்பத்துமூன்று படி. பக்கத்தில் தண்டவாளம் போட்டு ஒரு சின்னப் பெட்டி ஏறி இறங்குகிறது, முழங்கால் முடியாதவர்களுக்கு. அதில் எட்டுப் பேர் நிற்கலாம். எட்டுப் பேரும் என்னைத்தான் பார்ப்பார்கள். படியே போதும்.

முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. பூசானில் பாதி ஊர் மலையில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. ஒரு வீட்டு மொட்டைமாடி அடுத்த வீட்டு வாசலுக்குச் சமம். மாடி எல்லாம் பச்சைப் பெயிண்ட், ஒவ்வொன்றிலும் நீலத் தண்ணீர்த் தொட்டி. எங்கள் அடுக்களை ஜன்னலிலிருந்து மட்டும் அறுபத்தேழு தொட்டி தெரியும். எதிர்வீட்டு ஜன்னலுக்கும் எங்கள் ஜன்னலுக்கும் நாலு எட்டு. இங்கே ரைஸ் குக்கர் பேசும், சாதம் ஆகிவிட்டது என்று ஒரு பெண் குரலில் சொல்லும். எந்த வீட்டுக் குக்கர் எத்தனை மணிக்குப் பேசும் என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியும், ஆனால் அந்த வீட்டில் இருப்பவர்களின் முகம் தெரியாது. இவ்வளவு நெருக்கமாக இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தால்தான் வாழ முடியும் போல. குப்பையை மட்டும் பார்ப்பார்கள். அதில் தப்பு வந்தால் வண்டிக்காரன் எடுக்கமாட்டான், பையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவான், அது வாசலிலேயே கிடந்து மானத்தை வாங்கும். நான் வருவதற்கு முன்பு என் மகள் கயல் வீட்டுப் பையில் மாதத்துக்கு இரண்டு ஸ்டிக்கராவது விழுமாம். அவள் கடல்பாசி ஆராய்ச்சிக்கூடத்தில், மாப்பிள்ளை கப்பல் வரைபட ஆபீசில், இரண்டு பேரும் காலை ஏழரைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். நான் எடுத்துக்கொண்டேன். பாட்டிலில் சுற்றியிருக்கும் பேப்பரை உரிக்க வேண்டும், மூடி தனி. பால் டப்பாவைக் கழுவி, விரித்து, காயவைத்து அடுக்க வேண்டும். முட்டை ஓடும் வெங்காயத் தோலும் எலும்பும் சாப்பாட்டுக் குப்பையில் சேராது, மாடு பன்றி தின்னாததெல்லாம் சேராது என்று வைத்துக்கொண்டால் பாதி கணக்குச் சரியாக வரும். முருங்கைச் சக்கையை எதில் போடுவது என்று மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. ஒரு வருஷம் ஒரு ஸ்டிக்கர் விழவில்லை. “அப்பா வந்தப்புறம்தான் இந்தச் சந்துல நாம தலை நிமிந்து நடக்குறோம்”னு கயல் போனில் அவள் சிநேகிதியிடம் சொன்னாள். நான் கேட்காத மாதிரி இருந்தேன். அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் கூடவே இறங்கியது.

அறுபத்திரண்டு. இரண்டாவது தட்டு. ஐந்து முப்பத்தொன்று, வழக்கத்தைவிட ஒரு நிமிடம் அதிகம், கோட்டுக் கனம். டிசம்பர் ஒன்பது, செவ்வாய். மறக்கிற தேதியா. காலை ஆறு இருபத்தொன்பதுக்கு நான் அடுக்களை ஜன்னலில் நின்றேன். எதிரே சலவைக்கடைக் கதவு திறந்தது, பியோ ஒரு கறுப்புப் பையோடு வந்தான், எங்கள் கட்டட வாசலில் வைத்தான், கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனான். கடைக் குப்பைக்கு வேறு பை, அதை அவன் தனியாக வாங்க வேண்டும். அதனால் எங்கள் வாசல். நான் ஆறு முப்பத்தெட்டுக்குக் கீழே வந்தேன், நடைப் பயிற்சிக்கு, வேட்டி, கயலின் பழைய ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய். பை கிழிந்து துணி மாட்டும் கம்பி நாலைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போகிற வருகிற பிள்ளைகள் காலைக் கிழிக்கும். குனிந்தேன். கம்பியைத் தனியாக, பிளாஸ்டிக் உறையைத் தனியாக. கம்பி இருபத்திரண்டு. அவ்வளவுதான் நான் செய்தது. இரண்டு நாள் கழித்து மேல்தட்டு மின்கம்பத்தில் நான் தொங்கினேன். பியோவின் கடை வாசல் கேமரா எடுத்த படம், கையில் கறுப்புப் பை, குனிந்த முதுகு, மூலையில் 06:41. முகத்தை மட்டும் கட்டம் கட்டமாகக் கலைத்திருந்தான். முகத்தை மறைத்துவிட்டு வேட்டியை விட்டுவைத்திருந்தான். இந்த மலையில் எத்தனை பேர் வேட்டி கட்டுகிறார்கள்? ஒரு ஆள். முகத்தைக் காட்டி வேட்டியை மறைத்திருந்தால்கூட யாருக்கும் தெரிந்திருக்காது, என் முகத்தை இங்கே யார் பார்த்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு பேர் நின்று பார்த்தார்கள். ஜன்னலிலிருந்து எண்ணினேன்.

“என்னம்மா எழுதியிருக்கு?” என்று கேட்டேன். கயல் கம்பத்தைப் பார்த்தாளே தவிர என்னைப் பார்க்கவில்லை. “கண்ட நேரத்துல குப்பையக் கொண்டாந்து போடுற இந்த ஆளை எல்லாரும் பாத்து வச்சுக்கங்க. இப்படிக்கு, சந்துப் பொறுப்பாளர் பியோ. அவ்வளவுதாம்ப்பா.” “அது அவன் பை.” “தெரியும்ப்பா.” “ஆறு இருபத்தொம்பதுக்கு அவன் வச்சான். அதே கேமராவுல அதுவும் இருக்கும்ல?” “இருக்கும்ப்பா. கேக்கப்போனா சண்டைதான். வீட்டுக்காரம்மாவும் அவரும் ஒண்ணு. நமக்கு எதுக்கு வம்பு?” மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரிக்கப் பார்த்தார். “முகத்தை மறைச்சு ஒட்டுனா இங்க கேஸ் கிடையாது மாமா. மறைக்காம ஒட்டுனா ஒட்டுனவன் மேலதான் கேஸ். அதெல்லாம் விவரமாத்தான் செஞ்சிருக்கான். மார்ச்சுல விசா வேற புதுப்பிக்கணும், விட்டுத்தள்ளுங்க.” அடுத்த நாள் எனக்கு இந்தக் கறுப்புக் கோட்டு வந்தது, கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை, பஞ்சு அடைத்தது. இந்த ஊரில் எல்லாரும் போடுவது. ஒரு கால்சட்டையும் வந்தது. கயல் மெதுவாகச் சொன்னாள், பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற குரலில். “இனிமே குப்பைய நான் பாத்துக்கிறேம்ப்பா. நீங்க ரெஸ்ட் எடுங்க.” ரெஸ்ட். போன வாரம் எங்கள் பையில் ஸ்டிக்கர் விழுந்தது. முட்டை ஓடு. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு ருசித்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அறுபத்தெட்டா, அறுபத்தொன்பதா. எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாது. அறுபத்தொன்பது என்றே வைத்துக்கொள்வோம். இல்லை, வைத்துக்கொள்வோம் என்பது கிடையாது, பழைய தட்டுக்கு இறங்கி மறுபடி வர வேண்டும். இறங்குகிறேன். முழங்கால் கேட்கிறது, பைத்தியமா உனக்கு என்று. அறுபத்திரண்டிலிருந்து மறுபடி. பியோ என்ன செய்தான் என்று ஒருவன் கேட்டால் குப்பை போட்டான் என்று நான் சொல்லமாட்டேன். நிமிடத்தைத் திருடினான். ஆறு இருபத்தொன்பதும் அவனிடம் இருந்தது, ஆறு நாற்பத்தொன்றும் அவனிடம் இருந்தது, நடுவில் இருக்கும் பன்னிரண்டு நிமிடத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டு மிச்சத்தை ஊருக்குக் காட்டினான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருஷம் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக உட்கார்ந்தவனிடம். எட்டாவது வரை படிப்பு, இரும்பு ஸ்டூல், ஒரு நோட்டு, ஒரு விசில். வந்த நேரம், எடுத்த நேரம், வண்டி நம்பர். ஒரு நிமிடத்துக்காக டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள், ஒரு நிமிடம் முன்னே எடுத்தால் வழியில் இருக்கும் ஜனம் முழுக்க உன் வண்டியில். நான் யாருக்கும் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. வேடசந்தூர் ரூட்டு டிரைவர் கோட்டைச்சாமி ஒரு நாள் அரை நிமிடம் கேட்டான், நான் தலையாட்டவில்லை. டீக்கடை முன்னால் முப்பது பேர் நிற்க என் நோட்டைப் பிடுங்கி எறிந்தான். “யோவ் நல்லமுத்து, கழுதைக்கு எண்ணச் சொல்லிக்குடுத்தா உன்ன மாரித்தான்யா இருக்கும்!” முப்பது பேரும் சிரித்தார்கள். நான் போய் நோட்டை எடுத்துத் தூசி தட்டினேன். நான் யார் மேலும் கை நீட்டியதில்லை. பதினோரு மாதம் அவன் வண்டிக்கு விசில் அடிப்பதை மட்டும் நொடிமுள் சரியாகப் பன்னிரண்டைத் தொட்ட பிறகு அடித்தேன். மற்றவர்களுக்கு முள் நெருங்கும்போதே அடித்துவிடுவது, எல்லாரும் செய்வது, அதை அவனுக்கு மட்டும் நிறுத்தினேன். சட்டப்படி சரி. பதினோரு மாதமும் அவனுக்கு முன்னால் இன்னொரு வண்டி போய்க்கொண்டே இருந்தது.

தொண்ணூற்றேழு. மூன்றாவது தட்டு. ஐந்து நாற்பது. கோட்டைச்சாமி பிறகு ஒரு பை கொய்யாப்பழம் கொண்டுவந்து ஸ்டூல் பக்கத்தில் வைத்தான். வாங்கிக்கொண்டேன். விசிலை மாற்றவில்லை. இன்னொரு நாள் வந்தான், மழை நாள், கையில் பழம் இல்லை. “அண்ணே, நாலு நிமிஷம் முன்ன எடுத்துக்கிறேண்ணே. பாப்பாவ வேடசந்தூர் ஆஸ்பத்திரில சேத்திருக்கு.” அதை இப்போது எதற்கு நினைக்க வேண்டும். இப்போது பியோ. இருபத்துநான்கு நாள் அந்த ஜன்னலில் நின்றேன், காலை ஆறு இருபதிலிருந்து ஆறு ஐம்பது வரை, விளக்குப் போடாமல். ஏழு தடவை வந்தான். ஏழும் செவ்வாயோ வெள்ளியோ. ஏழு தடவையும் போனில் பிடித்தேன், இருட்டில் முகம் விழாமல் ஆறு பாழ். ஏழாவதில் அவன் பையை வைத்துவிட்டு நிமிர்கிறான், தெருவிளக்கு நேராக முகத்தில், இடது புருவத்து மச்சம் வரை. பையில் கம்பி நீட்டுகிறது. 06:33. அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். அச்சடித்த கடைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதன் முகத்தின்மேல் பழுப்பு நாடாவை இரண்டு துண்டாக வெட்டி ஒட்டினேன். எனக்கு மறைத்தாயா, உனக்கும் மறைத்தேன். என் படம் எத்தனை அகலமோ அத்தனை அகலம். எனக்கு நேரம் போட்டாயா, உனக்கும் நேரம். அவன் செய்ததில் ஒரு இழை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மாப்பிள்ளைக்கும் பயமில்லை, முகம் மறைந்தால் கேஸ் இல்லை. நாடாவை ஒட்டுவதற்கு முன் என் கோட்டுக் கையில் மூன்று தடவை ஒத்தி எடுத்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. தூசி இருந்திருக்கலாம்.

போன் அடிக்கிறது. நூற்றுப் பதினொன்றில் நிற்கிறேன், நூற்றுப் பதினொன்று, நூற்றுப் பதினொன்று. “அப்பா, எங்க இருக்கீங்க? வீட்டுப் போனுக்கு அடிச்சேன், எடுக்கல.” “நடந்துட்டு இருக்கேன்மா.” “குளிர் மூணு டிகிரிப்பா. மாஸ்க் போட்டிருக்கீங்களா? தொப்பி?” “எல்லாம் போட்டிருக்கேன். என்னைய எனக்கே அடையாளம் தெரியாது.” அவள் சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. “அந்தப் பக்கம் போகலல்ல?” “எந்தப் பக்கம்?” “அப்பா.” “படியில நிக்கேன் கயலு, மூச்சு வாங்குது, வை.” பொய் சொல்லவில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்டேன். நூற்றுப் பன்னிரண்டு. அவளுக்குப் பயம், என் மகளுக்கு என்னைப் பார்த்தே பயம், சின்ன வயதில் நான் நோட்டைத் திறந்தால் அவள் அம்மாவும் இப்படித்தான் குரலை இறக்குவாள், “உங்க அப்பா யாருக்கோ நேரம் குறிக்கிறாரு”ன்னு. கோட்டைச்சாமிக்கு அந்த நாலு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. நோட்டில் இல்லாததை எப்படிக் கொடுப்பது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், வைப்பர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போனது, நான் முள்ளைப் பார்த்தேன். பிள்ளை பிழைத்திருக்கும். பிழைத்ததா என்று கேட்டேனா? அடுத்த வாரம் அந்த ரூட்டில் வேறு டிரைவர் வந்தான், அவனிடமாவது கேட்டேனா? இல்லை. நூற்றிருபது. அது வேறு. அங்கே என்னிடம் விசில் இருந்தது. இங்கே என்னிடம் என்ன இருக்கிறது, ஒரு தாள்.

நூற்று நாற்பதில் நிற்காமல் ஏறிவிட்டேன். நெஞ்சு காதில் அடிக்கிறது. நூற்று எண்பத்துநான்கு. ஐந்து ஐம்பத்திரண்டு. வானம் இன்னும் கொஞ்சம் வெளுப்பாக இருக்கிறது, கீழே துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்கு விளக்குப் போட்டுவிட்டார்கள். கம்பம். சலவைக்கடையின் நீராவி வாசனை, கண்ணாடிக்குள் பியோவின் முதுகு, இஸ்திரி பலகை. கம்பத்தில் என் படம் அப்படியே இருக்கிறது, மழையில் கீழ் மூலை மட்டும் சுருண்டிருக்கிறது. என் முதுகு இவ்வளவு கூனா. கோட்டுப் பித்தான்களைக் கழற்றித் தாளை எடுத்தேன். விரல் குளிரில் மரத்துவிட்டது. பல்லால் நாடாவைக் கடித்து, நாலு மூலை, என் படத்துக்கு நேர் வலப்பக்கம், மேல் விளிம்பு ஒரே மட்டம். பிறகு ஆறு எட்டு நடந்து தண்டவாளப் பெட்டி நிற்கும் கம்பிமேல் சாய்ந்துகொண்டேன், பெட்டிக்குக் காத்திருப்பவன் மாதிரி. எண்ணத் தொடங்கினேன். நாற்பத்தொன்று வரும்வரை நிற்பதாக நினைப்பு.

முதல் ஆள் காய்கறிப் பையோடு ஒரு பெண். பார்க்கவில்லை. இரண்டாவது ஆள், கறுப்புக் கோட்டு, பார்த்தான், போனான். மூன்று, கறுப்புக் கோட்டு. நான்கு, கறுப்புக் கோட்டு, தொப்பி. ஐந்தும் ஆறும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், இரண்டு பெண்கள், நின்றார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒருத்தி பியோவின் படத்தைத் தொட்டு ஏதோ கேட்டாள், யார் என்ற சொல் காதில் விழுந்தது. மற்றவள் தோளைக் குலுக்கிவிட்டுச் சொன்ன பதிலில் எனக்கு ஒரு சொல்தான் புரிந்தது. அப்பா. இந்த ஊரிலும் அப்பாவுக்கு அப்பாதான். எங்கள் அப்பா மாதிரி இருக்கு என்றிருப்பாள். முன்னவள், எங்க அப்பாவும் இப்படித்தான் என்பதுபோல் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். நான் கம்பிமேல் வைத்த கையை எடுக்காமல் படத்தைப் பார்த்தேன். ஆறு எட்டுத் தூரத்திலிருந்து. கறுப்புக் கோட்டு, முழங்காலுக்குக் கீழே வரை. கறுப்புத் தொப்பி. பழுப்பு நாடா. பையும் கம்பியும் இருட்டோடு இருட்டு. அது இந்த மலையில் யார் வேண்டுமானாலும். அது நான்கூட. ஒரு இழை கூடாமல் குறையாமல் அளந்தேன், ஒரு சாணும் நாலு விரலும், ஆனால் அவன் முகத்தை மறைத்தால் அவன் எல்லாருமாகிவிடுகிறான், என் முகத்தை மறைத்தால் நான் நான் மட்டும்தான். இதை எண்ணாமல் விட்டேனே. இதை எப்படி எண்ணாமல் விட்டேன்.

சலவைக்கடைக் கதவு மணி கிணுகிணுத்தது. பியோ. ரப்பர் செருப்பு, காலுறை, கையில் காபிக் கப். கம்பத்தில் புதுத் தாள் என்றதும் வந்துவிட்டான், சந்துப் பொறுப்பாளர் அல்லவா. படத்தைப் பார்த்தான். கப் வாய்க்கு வரவில்லை. அவன் உதடு மூலையிலிருந்த நேரத்தை வாசித்தது, ஆறு, முப்பத்துமூன்று, எண்கள் எனக்குத் தெரியும். நாடாவை உற்றுப் பார்த்தான். அப்புறம் அவன் தோள் இறங்கியதை நான் பார்த்தேன், ஒரு சுமையை வைத்தவன் தோள் மாதிரி. காபியை ஒரு வாய் குடித்தான். தாளின் ஒரு மூலை சரியாக ஒட்டாமல் நின்றது, அதைக் கட்டைவிரலால் அவனே அழுத்தி ஒட்டினான். திரும்பினான், நான் நின்றேன். கறுப்புக் கோட்டு, தொப்பி, மாஸ்க். “ஹராபொஜி” என்றான், தாத்தா என்று அர்த்தம், மரியாதையாகத் தலை தாழ்த்தினான், இந்த ஊர்ப் பெரியவர் யாரோ என்று நினைத்து. தன் படத்தையே விரலால் சுட்டி யாரோ, எவனோ என்கிற மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டினான். நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன், அந்த ஒரு நொடி அவனோடு நின்று மூன்றாவது ஆளைக் குறை சொல்வது எனக்குக் கதகதப்பாகக்கூட இருந்தது, பதினான்கு மாதத்தில் இந்தச் சந்தில் என்னிடம் பேச்சுக் கொடுத்த முதல் ஆள். வீட்டுக்குப் போய்விடலாம். கயல் வந்தால் நடந்துவிட்டு வந்தேன் என்று சொல்லலாம். மார்ச் வரும், விசா வரும். அப்போது அவன் விரல் பக்கத்துப் படத்துக்கு நகர்ந்தது. என் வேட்டியை இரண்டு தடவை தட்டினான், எனக்கும் சிரிப்பில் பங்கு கொடுக்கிறவன் போலக் குனிந்து சொன்னான்.

“சிமா ஹராபொஜி.”

பாவாடைத் தாத்தா. அவன் சுவரில் படித்த சொல். நாலாவது படம், மூன்றாவது வரிசை. டீக்கடை முன்னால் முப்பது பேர் சிரித்தது கேட்கிறது. மழைக் கண்ணாடிக்குள் கோட்டைச்சாமியின் கண் தெரிகிறது, நாலு நிமிஷம்ண்ணே என்கிறது, நான் முள்ளைத்தான் பார்க்கிறேன். ஐந்து ஐம்பத்தெட்டு. ஐந்து ஐம்பத்தொன்பது. முள் தொடட்டும் என்று நின்றேன். எதிர்மாடியில் ஒரு குக்கர் பேசத் தொடங்கியது, ஆறு மணிக் குக்கர், மூன்றாவது வீடு, எப்போதும் சரியாகப் பேசும். படியில் ஆட்கள் ஏறி வருகிறார்கள், வேலை விட்டு வருகிற கூட்டம், நாற்பத்தொன்றுக்குக் குறையாது. முதலில் என் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்தேன். பிறகு தொப்பியைக் கழற்றினேன். பியோவின் சிரிப்பு வாயிலேயே நின்றது. கம்பத்துக்கு ஆறு எட்டு, அவன் பக்கத்திலேயே நின்று, நாடாவின் நுனியை நகத்தால் தேடினேன். கிடைத்தது. மூன்று தடவை கோட்டில் ஒத்தி எடுத்துப் பசை குறைந்த நாடா, தாளைக் கிழிக்காமல், மெல்ல, முழுசாக வருகிறது. முதலில் மோவாய். பிறகு மூக்கு. அப்புறம் அந்த மச்சம்.